பதில் சொன்ன கை

அருவிக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது டீச்சர்தான். வருஷம் முழுக்க நீச்சல்குளத்தின் மருந்து வாடையிலேயே கிடப்பவளுக்கு நிஜத் தண்ணீரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கணவரும் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். முதலில் அருவி, அங்கிருந்து இறங்கி வந்து ஆற்றங்கரைப் பழைய ஊரில் ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் வீடு. திட்டம் அவ்வளவுதான்.

கூடவே எட்டு வயது மகள். அவளுக்கு வீட்டில் சில்வண்டு என்று பெயர். தூங்கும்போது மட்டும்தான் அந்த வாய் ஓயும்.

டீச்சர் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதில் ஒரு முறை வைத்திருந்தாள். தண்ணீருக்கடியில் பேச முடியாது, அதனால் கைதான் வாய். அவள் ஒரு தடவை அழுத்தினால் 'எப்படி இருக்கே?' என்று கேள்வி. பிள்ளை இரண்டு தடவை அழுத்தினால் 'நல்லா இருக்கேன்' என்று பதில். பதில் வந்ததும் டீச்சர் அந்தக் கையை இறுக்கிப் பிடிப்பாள். அதற்கு 'நான் விடமாட்டேன்' என்று அர்த்தம். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. பெற்ற மகள் மட்டும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தலை தண்ணீருக்குள் போனதும் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் மறந்து, கிடைத்ததைப் பிறாண்டுவாள். டீச்சரும் ஒரு கட்டத்தில் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள்.

"உன் கிளாஸ்ல ஃபெயிலான ஒரே ஆள் நம்ம வீட்டுலதான் இருக்கா," என்று கணவர் கேலி செய்வார். டீச்சரும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றிருக்கும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். அருவி விழும் பாறையெல்லாம் பாசி வாடை. கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் விசிலும் கையுமாக ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பதுதான் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. தண்ணீர் விழும் இடத்துக்குப் பின்னால் பாறை உள்வாங்கி ஒரு சின்ன அறை மாதிரி இருந்தது. பயமில்லாதவர்கள் தண்ணீரைக் கடந்து உள்ளே போய் நின்றுவிட்டு வந்தார்கள்.

டீச்சர் மகளின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

தண்ணீர் மண்டையில் இடித்தது. பிடி நழுவியது. ஒரு கணம் உயிரே போய்விட்டது அவளுக்கு. கண்ணைத் திறக்க முடியாமல் இடது கையால் துழாவினாள்.

சின்னக் கை ஒன்று வந்து அவள் கைக்குள் புகுந்துகொண்டது.

உள்ளே கும்மிருட்டு. முகத்தில் சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் பழக்கதோஷத்தில் ஒரு தடவை அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. பிசகில்லாமல் பதில் வந்தது.

 கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டாளே! இறுக்கிப் பிடித்தாள். ஆசை தீராமல் மறுபடி கேட்டாள். மறுபடியும் இரண்டு. எத்தனை தடவை கேட்டாளோ, அத்தனை தடவையும் சரியான பதில். கை மட்டும் ஐஸாக இருந்தது. அருவிக்குள் எந்தக் கைதான் சூடாக இருக்கும்?

வெளியே வரும்போது, கடைசி எட்டில் அந்தக் கை வழுக்கிப் போனது. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

எதிர்ப்பாறையில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு சில்வண்டு.

டீச்சர் தட்டுத்தடுமாறி அவர்களிடம் போனாள்.

"போன வேகத்துலயே திரும்பி ஓடி வந்துட்டா," என்று அவர் அவள் காதருகில் கத்தினார். "தண்ணி மூஞ்சியில அடிக்குதாம். நீ என்ன அங்கேயே குடித்தனம் பண்ணிட்டே?"

டீச்சர் காவல்காரரிடம் ஓடிக் கத்தினாள். "உள்ள ஒரு குழந்தை இருக்குங்க. சின்னக் குழந்தை."

அவர் பதறவில்லை. விசில் ஊதி எல்லோரையும் வெளியே வரச் சொன்னார், தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவளை இரைச்சல் குறைந்த பக்கம் கூட்டிப்போய், "யாருமில்லைம்மா," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "எப்பவாவது யாராவது இப்படி ஓடி வந்து சொல்றதுதான். கீழ பழைய ஊருக்குப் போனா ஆத்துல இறங்காதீங்க. இதே தண்ணிதான் அங்கயும் வருது," என்றார்.

 கீழே இறங்கும்போது கணவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"பயத்துல பாறையைப் புடிச்சிருப்பே," என்றார் அவர்.

"பாறை அழுத்துமாங்க?"



பழைய ஊரில் சந்துகள் எல்லாம் ஆற்றைப் பார்த்தே இறங்கின. காரை பெயர்ந்த மாடி வீடுகள், மரச்சட்டம் போட்ட ஜன்னல்கள், குறுக்கே கொடிகளில் காயும் துணிகள். விடுதி அறையில் பையை வைத்ததும் படித்துறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சில்வண்டு ஒற்றைக் காலில் நின்றாள். "தண்ணி பக்கமே போகக்கூடாது. மேல நின்னு பார்க்கணும்," என்று ஆயிரம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் டீச்சர் கிளம்பினாள். சந்தில் மகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். கையோடு கை கோத்திருந்தது. தன்னையறியாமல் ஒரு தடவை அழுத்தினாள்.

இரண்டு தடவை பதில் வந்தது.

சில்வண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவின் தோள்மேல்.

டீச்சர் கையை உதறினாள். வெறுங்கைதான். உள்ளங்கை மட்டும் நனைந்திருந்தது. அவள் கத்துவதற்குள் சில்வண்டு தோளிலிருந்து குதித்து, "படகு! படகு!" என்று படித்துறையில் இறங்கி ஓடினாள். வாங்கிய சத்தியம் எல்லாம் காற்றோடு போயிற்று.

பாசி படிந்த கடைசிப் படியில் கால் வைத்தாள்.

சத்தமே இல்லை. படியில் நின்றவள் படியில் இல்லை.

டீச்சர் அப்படியே பாய்ந்தாள். செங்காவி நிறத் தண்ணீர். கண்ணெதிரே தன் கையே தெரியவில்லை. ஆற்றின் இழுப்பில் இரண்டு கையாலும் துழாவினாள்.

வலது கையில் ஒரு கை மாட்டியது.

இடது கையிலும் ஒன்று.

இரண்டும் ஒரே அளவு. எதிரோட்டத்தில் நீந்த அவளுக்கு ஒரு கை வேண்டும். ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும். நெஞ்சில் மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒருசேர அழுத்தினாள்.

இடது கைக்குப் பதில் வந்தது. ஒன்று, இரண்டு. நிதானமாக, வகுப்பில் முதல் மாணவி சொல்வது போல.

இத்தனை வருஷப் பழக்கம் அவளை இடது பக்கம் திருப்பியது. பதில் சொன்ன பிள்ளையை நம்பு என்றுதான் அவள் ஊருக்கே பாடம் நடத்தியிருந்தாள். அந்தக் கை அவளை மெல்ல இழுத்தது. கரைப் பக்கம் அல்ல, கீழே.

வலது கையில் இருந்தது பதிலே சொல்லவில்லை. அது பிறாண்டியது. நகம் சதைக்குள் இறங்கியது.

ஐயோ, என் மக்குப் பெண்ணே!

டீச்சர் இடது கையை உதறினாள். அது முரண்டு பிடிக்கும் என்று நினைத்தாள். பிடிக்கவில்லை. போவதற்கு முன்னால் இன்னொரு தடவை, ஒன்று, இரண்டு என்று அழுத்திவிட்டு விட்டுவிட்டது.

கரையில் கணவர் இருவரையும் இழுத்துப் போட்டார். சில்வண்டு தண்ணீரைக் கக்கிவிட்டு ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு, கீறல் விழுந்த தன் வலது கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கே அறையைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

ஒரு வாரம் போயிற்று. டீச்சர் குளத்துப் பக்கம் போகவில்லை. ஒரு காலை வேளையில் கணவர் அவளுடைய வலது கைக் கீறல்களுக்கு மருந்து போட்டார். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"அந்தக் கையையும் காட்டு," என்றார்.

அவள் தயங்கினாள். பிறகு நீட்டினாள்.

இடது கை விரல் நுனிகள் ஊறி, வெளுத்து, சுருங்கியிருந்தன.

"இப்பதான் துணி துவைச்சியா?"

"காலையிலேருந்து தண்ணியே தொடலைங்க. அங்கேருந்து வந்ததுலேருந்து இப்படித்தான் இருக்கு."

அவர் துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி ஈரம் சுரந்தது. எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனிதர் மறுபடி மறுபடி துடைத்தார்.

"டாக்டரைப் பார்க்கலாம்," என்றார் கடைசியில், கிசுகிசுப்பாக.

"வேணாங்க." டீச்சரின் கண் நிறைந்திருந்தது. பயமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. "விடமாட்டேன்னு நான்தானே சொன்னேன். அது நம்பிடுச்சு."

அடுத்த அறையில் சில்வண்டு யாரையோ திட்டிக்கொண்டு விளையாடும் சத்தம் கேட்டது.

"விரலை மடக்கு, பார்ப்போம்," என்றார் அவர்.

அவள் மடக்கினாள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அவர் தன் கையால் அழுத்திப் பார்த்தார், அப்போதும் மூடவில்லை. உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் நடுவே ஒரு குழந்தையின் கை அளவுக்கு இடைவெளி இருந்தது.