நனையாத பின்சுவர்

மழை பிடித்து ஒன்பது நாளாகியும் பின்னறைச் சுவர் நனையவில்லை.

அதை முதலில் கவனித்தவன் ரசலையன்தான். தக்கலைப் பத்திர ஆபீஸில் குமாஸ்தா. வீடு பால் காய்ச்சி நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஐம்பத்தைந்தாம் வருடத்து இடவப்பாதி மழை மலையைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. முன்னறைச் சுவரில் பூசணம் பூத்தது, உப்புப் பரணி நீர்விட்டது, தலையணைகூட ஈரவாடை அடித்தது. ஆனால் மலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்ற அந்தப் பின்சுவர் மட்டும் வெயிலில் கிடந்த கூரை ஓடுபோல வறண்டிருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இளஞ்சூடு.

முதலில் நனைய வேண்டிய சுவர் அது. அவனுக்குத் தெரியும். மனை வாங்கியதுமே ஓவர்சியர் செல்வதாஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சரிவுல வீடு கெட்டுயதுக்கு ரெண்டு வழிதான் உண்டு வேய். சரிவுக்குத் தக்கன தரையை ரெண்டு தட்டாக் கெட்டணும். மண்ணை வெட்டித்தான் ஆவணும்னா, வெட்டுக்கும் செவருக்கும் நடுவுல நாலடி விட்டு ஓடை எடுக்கணும். செவருக்கு அடியில வெள்ளம் வடிய பொத்தல் விடணும். சட்டமும் அதுதான், புத்தியும் அதுதான்."

நாலடி விட்டு வரைந்த பிளானைக் கொடுத்துத்தான் ரசலையன் அனுமதி வாங்கினான். கட்டும்போது மனசு மாறிவிட்டது. வீட்டுக்குள் படியேறி இறங்குவதில் அவனுக்கு விருப்பமில்லை. ஆளுயரத்துக்கு மேல் மலையை வெட்டித் தரையை ஒரே மட்டமாக்கினான். அந்த நாலடியையும் அறையோடு சேர்த்துக்கொண்டான். பாம்பு வருமென்று பொத்தல்களையும் சாந்து வைத்துப் பூசச் சொன்னான்.

அவன் மனைவி பேபிக்குச் சந்தோஷம். "இஞ்ச பாருங்க, துணி ஒரு நாழிகையில உணங்குது" என்று பின்னறையில் கொடி கட்டினாள். ஏழு வயது மகள் குளோரியோடு படுக்கையையும் அங்கே மாற்றினாள். இரண்டு நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. உதடு வெடித்தது. அறையில் நிறைத்து வைத்த குடத்துத் தண்ணீர், யாரும் தொடாமலே, பொழுது சாய்வதற்குள் பாதியாயிற்று. மண்வாசம் இல்லை. வெகுகாலம் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல ஒரு வாடை மட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் ரசலையன் செல்வதாஸை அழைத்து வந்தான். அவர் குடையோடு வீட்டின் பின்னால் ஏறி நின்றார். சரிவிலிருந்து செம்மண் தண்ணீர் நாலு சாலாக ஓடிவந்து, மண்ணும் சுவரும் சேருகிற கோட்டில் விழுந்து மறைந்துகொண்டிருந்தது. தேங்கவில்லை. வழியவில்லை.

"இவ்வளவு வெள்ளமும் எங்க வேய் போவுது?"

உள்ளே வந்து சுவரைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்து வேட்டியில் துடைத்தார். "இப்பமே எறங்கும் வேய். பெஞ்சாதியையும் பிள்ளையையும் கூட்டிட்டு எறங்கும். நான் ரோட்டுல வில்வண்டி பிடிச்சு நிறுத்துதேன்." தேயிலைத் தண்ணீர்கூட வாங்காமல் இறங்கிப் போனார்.

ரசலையன் நின்று யோசித்தான். அத்தனை தண்ணீரும் சுவருக்குப் பின்னால்தான் கட்டிக் கிடக்க வேண்டும். வடிய விட்டால் வீடு தப்பும். கடப்பாரையை எடுத்துவந்து, தரையோரம் பூசி அடைத்திருந்த பொத்தல் ஒன்றில் ஓங்கிக் குத்தினான். நாலாவது குத்தில் கம்பி தடையில்லாமல் உள்ளே போயிற்று.

தண்ணீர் பாயவில்லை. ஒரு சொட்டுகூட.

உதிர்ந்த சுண்ணாம்புத்தூள் தரையோடு ஊர்ந்து பொத்தலுக்குள் போனது. மூலையில் தொங்கிய ஒட்டடை அதன் பக்கம் சாய்ந்தது. காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவன் முழங்கை வரை கையை விட்டான். மண் இல்லை. கல் இல்லை. விரலில் எதுவுமே தட்டவில்லை. பிறகு காற்று நின்றது. திரும்பி வந்தது. மணிக்கட்டில் வெதுவெதுப்பாக.

கையை உருவிக்கொண்டு வெளியே ஓடிப் பார்த்தான். மலை சுவரோடு ஒட்டித்தான் நின்றது. கத்தி நுழைய இடமில்லை.

சாக்கைச் சுருட்டிப் பொத்தலில் திணித்தான். பிள்ளையைத் தூக்கி முன்னறையில் கிடத்தினான். "ஏட்டி, ஒண்ணும் எடுக்காண்டாம். வா, போவலாம்."

"காய்ச்சக்காரப் பிள்ளையை இந்த மழையிலயா? வண்டியை வாசலுக்குக் கொண்டாங்க. நாங்க இங்கனயே இருக்கோம்."

அவள் உதடும் வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தான். "பின்னறைக்குப் போவாத, கேட்டியா?" என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஓடினான். வண்டி ரோட்டில் நின்றது. சேற்றில் சக்கரம் புதைந்து புதைந்து ஏறி வர அரைமணி நேரம் ஆயிற்று.

முன்னறையில் பாய் மட்டும் கிடந்தது.

"பேபி?"

பின்னறையிலும் அவள் இல்லை. குளோரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு நனைந்திருந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாக்கு ஒருபுறம் கிடந்தது. பொத்தல் அதே அளவுதான். ஒரு தேங்காய்ச் சிரட்டை அகலம்.

"அம்மா எங்க மக்ளே?"

"உள்ள போனா."

"எங்க உள்ள?"

பிள்ளை பொத்தலைக் காட்டினாள். "அங்க குடிக்க நல்ல வெள்ளம் உண்டு. எனக்கு நீட்டித் தந்தா."

பேபி உடுத்தியிருந்த பச்சைச் சேலையின் முந்தானை ஒரு முழம், பொத்தலுக்கு வெளியே தரையில் கிடந்தது. அது நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. மூச்சு வாங்குகிற கணக்கில். முழம் சாணாயிற்று.

ரசலையன் பாய்ந்து விழுந்து அதைப் பிடித்தான். வாசலில் வண்டிக்காரன் கூப்பிடுவது கேட்டது.

சேலை நின்றது.

"அப்பாவும் வருவாருன்னு சொல்லிட்டேன்" என்றாள் குளோரி.

உள்ளேயிருந்து முந்தானை அசைந்தது. பலமாக அல்ல. தூங்குகிறவனைத் தொட்டு எழுப்புவதுபோல, மெல்ல, இரண்டு தடவை.