நாலாவது ரீடிங்

மெட்டீரியல் டெஸ்டிங் லேப் கல்லூரியின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தபோது கிரீஸ் வாசனையும் துரு வாசனையும் மூக்கில் ஏறின. வகுப்பில் அறுபத்திரண்டு பேர். மூன்று பேருக்கு ஒரு பேட்ச். ஒருத்தர் எடையை மாட்ட வேண்டும், ஒருத்தர் ரீடிங் சொல்ல வேண்டும், ஒருத்தர் எழுத வேண்டும். பெண்கள் இரண்டே பேர் என்பதால் எங்களை மட்டும் தனி பேட்சாக விட்டிருந்தார் சார்.

"மூணாவது ஆளை நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்று சிரித்தார்.

என் பட்டப்பெயர் டவுட்டு. எல்லா வகுப்பிலும் கையைத் தூக்கியதால் ஒட்டிக்கொண்டது. இன்னொருத்தி ஸ்பேனர். பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பாள். எதுக்குடி என்று கேட்டால் "உன் வாயை டைட் பண்ணத்தான்" என்பாள்.

எங்களுக்குக் கிடைத்தது கடைசி அறையில் இருந்த ஃபெட்டீக் மெஷின். கம்பியை மாட்டிச் சுழற்றும். கம்பியின் முனையில் எடை தொங்கும். எத்தனை சுற்றில் உடைகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. எந்த இரும்பும் முதல் சுற்றில் உடையாது. வளைந்து வளைந்து களைத்துப்போய், ஏதோ ஒரு சுற்றில் கைவிடும்.

சுற்றுகளை எண்ணும் கவுன்ட்டரைச் சுவர்ப்பக்கம் வைத்திருந்தான் எந்தப் புண்ணியவானோ. அதைப் பார்க்க மெஷினுக்குப் பின்னால் இருட்டில் போய் நிற்க வேண்டும். ஸ்பேனர் போனாள். நான் முன்னால் ஸ்டூலில் நோட்டோடு உட்கார்ந்தேன்.

மோட்டார் உறுமியது. பின்னாலிருந்து கரகரத்த குரல் வந்தது. "பதினோராயிரத்து இருநூறு."

எழுதினேன். எழுதி முடித்து மூன்று நிமிடம் கழித்துத்தான் கம்பி உடைந்தது.

இரண்டாவது கம்பியில் மெஷினைப் போட்டவுடனே குரல் வந்துவிட்டது. "இருபத்தையாயிரத்து நானூறு." எனக்கு எரிச்சல் வந்தது. சீனியர் நோட்டை எங்கோ சுட்டுக்கொண்டு வந்து, பின்னால் நின்று வாசிக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

மூன்றாவதில் "நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு" என்றது குரல். கடுப்பில் என் கை தடுமாறி 48,600 என்று எழுதிவிட்டது. போகட்டும் என்று விட்டேன். கம்பி உடைந்ததும் நானே பின்னால் போய் கவுன்ட்டரைப் பார்த்தேன்.

48,600.

"உண்மையைச் சொல்லு. சீனியர் நோட்டைப் பாத்துதானே நம்பர் சொல்ற?" என்றேன்.

"நானா? நீதானே முன்கூட்டியே முணுமுணுத்துக்கிட்டே எழுதுற. நீதான் காப்பி அடிக்கிறேன்னு நான் நினைச்சேன். நான் வாயே திறக்கலை."

ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நின்றோம். லேப் உதவியாளர் வாசலில் தலையை நீட்டினார். அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னம்மா சண்டை? மூணு பேரும் ஒரே நேரத்துல பேசினா எப்படி? ஒருத்தர் வந்து அடுத்த கம்பியை வாங்கிட்டுப் போங்க."

மூணு பேர் என்றது என் காதில் மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. ஸ்பேனர் முனகிக்கொண்டே அவர் பின்னால் போனாள்.

மெஷின் நின்றிருந்தது. அறையில் நான் ஒருத்திதான்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாலாவது. எடை ஐம்பத்தெட்டு. நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. பதினேழாயிரத்து இருநூற்று எண்பது."

பழக்கதோஷம், கை எழுதிவிட்டது. பிறகுதான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த மெஷின் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று சுற்றும். எழுபத்திரண்டில் ஓடுவது எது?

ஐம்பத்தெட்டு எனக்குத் தெரிந்த எண்தான். போன வாரம் மெடிக்கல் செக்கப்பில் ஸ்பேனரின் எடை அது. "கையில இருந்த ஸ்பேனரைக் கழிச்சிட்டுப் போடுங்க" என்று நர்ஸிடம் சொல்லி அவளை ஓட்டியிருந்தேன்.

கம்பியோடு வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து, வாட்ச்சைப் பார்த்தேன்.

"என்னடி, டாக்டராயிட்டியா?"

"சும்மா இரு."

எழுபத்திரண்டு.

கால்குலேட்டரைத் தட்டினேன். இருநூற்று நாற்பது நிமிடம். நான்கு மணி நேரம். அப்போது மணி மூன்று.

நாலாவது கம்பியை மாட்டவில்லை, ரீடிங் எழுதியாச்சு என்று ஸ்பேனரிடம் சொல்லிவிட்டேன். நாலரைக்கு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். சாரின் மேஜை முன் வரிசையில் நிற்கும்போது மூன்றாவது கம்பி ஞாபகம் வந்தது. குரல் சொன்னதில் அது உடையவில்லை. நான் எழுதியதில் உடைந்தது. யாரும் பார்க்காதபோது நாலாவது வரியின் கடைசியில் ஒரு சைபர் சேர்த்தேன். இன்னும் இரண்டு மூன்று சேர்த்திருக்கலாம். கவுன்ட்டரில் ஆறு இலக்கத்துக்கு மேல் கிடையாது, சார் பிடித்துவிடுவார், மார்க் போய்விடும் என்று பயந்தேன். அந்த மார்க்கில் மண் விழ.

சார் சரியாகப் பார்க்காமலே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். எல்லா நோட்டும் பீரோவுக்குள் போய் சீல் ஆயின. நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்து திறப்பார்.

அன்று மாலை ஏழு மணிக்கு விடுதியில் அவள் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பத்து. ஏழு இருபது. அவள் டீயை உறிஞ்சி, என் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு.

இரவு படுத்த பிறகுதான் மரமண்டையில் உறைத்தது. ஒரு சைபர் என்றால் பத்து மடங்கு. நான்கு மணி நேரம் நாற்பது ஆகியிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உறைத்தது. குரல் மணிக்கணக்கு சொல்லவில்லை. துடிப்பைத்தான் எண்ணிச் சொன்னது. அவள் ஓடினால் சீக்கிரம் முடியும். அசையாமல் படுத்தால் நீளும். பயந்தால் போச்சு.

அதனால் அவளிடம் சொல்லவே கூடாது.

மறுநாள் சாரிடம் போய் நின்றேன். "நோட்டுல ஒரு நம்பர் திருத்தணும் சார்."

"கையெழுத்துப் போட்டப்புறம் என்ன திருத்தம்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கேயாவது பாத்து எழுதினியா? எக்ஸாமினர் வரட்டும், அவர்கிட்டயே சொல்லு."

வேறொரு நோட்டில் நிறைய சைபர் போட்டு எழுதியும் பார்த்தேன். அதில் யார் கையெழுத்துப் போடுவார்? உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லி ஸ்பேனரை நர்ஸிடம் இழுத்துப் போனேன். "கல்லுக்குண்டு மாதிரி இருக்கா" என்று அனுப்பிவிட்டார்.

அன்று முழுக்க அவளைப் படியேற விடவில்லை. பேட்மின்டன் மட்டையை ஒளித்து வைத்தேன். அவள் தூங்கும்போது மணிக்கு ஒரு தரம் மணிக்கட்டைத் தொட்டு எண்ணி, ஒரு தாளில் எழுதிக் கழித்துக்கொண்டே வந்தேன். தூக்கத்தில் துடிப்பு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மீதி எட்டாயிரத்து எழுநூறு. படுத்தே இருந்தால் ஒன்பதரை வரை தாங்கும். ஒன்பது மணிக்குப் பீரோ திறக்கும். எக்ஸாமினர் காலில் விழுந்தாவது அந்த வரியில் முடிந்த அளவுக்குச் சைபர் சேர்த்துவிடுவேன்.

தாளை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டேன்.

பத்து நிமிடம்தான் இருக்கும். விழித்தபோது தாள் அவள் கையில் இருந்தது.

"என்னடி இது? எடை ஐம்பத்தெட்டு. எழுபத்திரண்டு. மீதி. எதோட மீதி?"

"ஒண்ணுமில்ல. படு."

"ரெண்டு நாளா என்னை விரலால தடவிக்கிட்டே இருக்க. மட்டையை ஒளிச்சு வைக்கிற. என்னை வச்சு என்ன கணக்குடி போடுற?"

"சொன்னாக் கேளு, படுத்துக்கோ."

அவளும் மெக்கானிக்கல்தான். தாளின் உச்சியில் இருந்த ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து எண்ணூறில் விரல் வைத்தாள். எழுபத்திரண்டில் வைத்தாள். உதடு அசைந்து வகுத்தது. முகம் வெளுத்தது.

"அன்னைக்கு லேப்ல நம்பர் சொன்னது நீ இல்லையா?" என்று மெல்லக் கேட்டாள்.

எனக்குப் பொய் வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். நூற்றுப் பத்து. நூற்று நாற்பது.

"மெதுவா மூச்சு விடு. என்னைப் பாரு. ஒண்ணுமில்லடி."

இறங்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். மடியில் போட்டுக்கொண்டேன். கெட்ட ஜோக்கெல்லாம் சொன்னேன். ஏறிய துடிப்பு ஏறியபடியே நின்றது. எட்டு மணி ஆகப்போனது. தாளைப் பார்க்காமலே மனசு கழித்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரம். ஆயிரத்து ஐந்நூறு.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டாள்.

என் விரலுக்கடியில் அது ஓடிக்கொண்டிருந்தது.

"நிறைய இருக்குடி. எண்ண முடியாத அளவுக்கு இருக்கு."

அவள் நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நான் சொன்னதை அவள் நம்பிய ஒரே தடவை அதுதான். கண்ணை மூடினாள், துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நூறு. எண்பது. எழுபத்திரண்டு.

பிறகு என் விரலுக்கடியில் ஒன்றுமில்லை.

அறைக்குள் கிரீஸ் வாசனை அடித்தது. அலமாரிக்குப் பின்னால், சுவர்ப்பக்கம், கரகரத்த குரல் அவசரமே இல்லாமல் பேசியது.

"நாலாவது முடிஞ்சது. அஞ்சாவது எழுதிக்கோ."