காதுக்குத் தெரியாத பிட்

யாரும் பேசாத ட்ரங்க் லைனில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பட்டப்பகல்தான். ஆனால் சன்னலே இல்லாத அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அறையில் ஏது பகல்? சூடேறிய தூசி வாடையும் மின்விசிறிகளின் ஓயாத இரைச்சலும் நெற்றிப்பொட்டில் வந்து உட்கார, சூப்பர்வைசர் அந்த விளக்கைப் பார்த்தும் பார்க்காதவர்போல் திரும்பிக்கொண்டார். ஊரில் தான் ஒருத்தர்தான் மேதாவி, மற்றதெல்லாம் மாங்காய் மடையர்கள் என்பது மனிதரின் முடிந்த முடிவு.

அதிலும் தங்கை புருஷன் என்றால் கேட்கவே வேண்டாம். தங்கைக்கு இதயம் பலவீனம். அவள் துடிப்பை அளந்து, போன் லைனில் மோடம் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கருவி வீட்டில் இருந்தது. பாதியிலேயே இணைப்பு அறுந்துபோகிறது என்று மாப்பிள்ளை ஒரு வாரமாகப் புலம்பினார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க மோடம் குப்பை, மாப்பிள்ளை. லைன் சுத்தம்."

பச்சைப் பொய். மாப்பிள்ளையின் லைனை அந்தப் பழைய ட்ரங்குக்கு மாற்றிவிட்டதே இந்த மகானுபாவர்தான். அதில் குரல் எண்களாகப் போகும். ஆறு எண்ணுக்கு ஒரு தடவை, அதன் கடைசி இலக்கமான பிட்டை எக்ஸ்சேஞ்ச் உருவிக்கொண்டு, ரிசீவர் எடுத்திருக்கிறதா, வைத்தாயிற்றா என்ற சேதியை அந்த இடத்தில் வைக்கும். பேசுகிறவர் காதுக்குத் தெரியாது, மோடம்தான் தடுமாறும். 'அந்த மூஞ்சிக்கு நல்ல லைன் ஒரு கேடா?'

அந்தப் பழைய ட்ரங்கின் விளக்கு இன்னும் எரிந்தது. எரிச்சலோடு ஹெட்செட்டை மாட்டி, உருவிய பிட்டுகள் போகும் பாதையில் மட்டும் சொருகினார். ஒரே சீரான இரைச்சல் வரவேண்டும்.

லப். டப்.

பிடுங்கிச் சொருகினார். லப். டப். பக்கத்து லைனில் இல்லை. இதில் மட்டும். பதறிப்போய் மாப்பிள்ளையின் லைனை நல்ல ட்ரங்குக்கு மாற்றினார்.

பழைய ட்ரங்கில் துடிப்பு நிற்கவில்லை.

சற்று நேரத்தில் மேசைப் போன் அடித்தது.

"மச்சான், இப்ப லைன் அருமை. எல்லாம் முழுசா போயிருச்சு. ஆனா ஆஸ்பத்திரில வெறும் கோடுதான் வருதாம். துடிப்பே இல்லைங்கறாங்க."

"தங்கச்சி எங்க?"

"எதிர்லதான் உக்காந்திருக்கா. கை சில்லுனு இருக்கு. கண்ணைக்கூடச் சிமிட்டல. இந்தப் போனையே பாக்குறா, மச்சான்."

பழைய ட்ரங்கின் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஆளில்லாத லைனை மெஷின் தானாகவே வெட்டிவிடும். அப்படி அமைத்து வைத்ததும் அவரேதான்.

லைனை வெட்டாமல் பிடித்துவைக்கும் பொத்தானில் கட்டைவிரலை அழுத்தினார். மினுக்கல் நின்றது. விரலை லேசாகத் தளர்த்தினார்.

லப்.

டப் வரவில்லை.

மறுபடி அழுத்தினார். வந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் போனார்கள். அவர் நகரவில்லை. விரல் மரத்தது. வியர்த்தது. பொத்தானில் மெல்ல வழுக்கியது.