1,04,729

பிரசவ அறையின் வாசலில் 1,04,729 என்ற எண் எரிந்துகொண்டிருந்தது. அடுத்து அழப்போகும் குழந்தைக்கான பிறப்பெண். அதைப் பார்த்ததும் இளவழுதி மனைவியின் பக்கம் குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்கோ மாதங்கி. அடுத்த அறைக்காரங்க முதல்ல பெத்துக்கட்டும்" என்றான்.

செவ்வாய்க் குடியிருப்பில் இது புதிதல்ல. சாதி, நட்சத்திரம், குலப்பெயர் எல்லாவற்றையும் பூமியிலேயே விட்டுவிட வேண்டும் என்றுதான் நிறுவனர்கள் பிறந்த வரிசையை அடையாளமாக்கினார்கள். வெறும் வரிசை. ஆனால் இரண்டு தலைமுறைக்குள் மக்கள் எண்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுவிட்டார்கள். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்களின் கூட்டுத்தொகை அந்த எண்ணைவிடப் பெரிதானால் மிகை எண், செல்வம் பெருகும். சிறிதானால் குறை எண். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்ணுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், யாரோடும் ஒட்டாதாம்.

1,04,729 பகா எண். அதிலும் பத்தாயிரமாவது பகா எண். அடுத்த 1,04,730 நல்ல மிகை எண். அதற்காகத்தான் அடுத்த அறைக் குடும்பமும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஃபௌசியா இதயமானியைக் காட்டினார். குழந்தையின் துடிப்பு 140-லிருந்து 118-க்கு இறங்கியிருந்தது.

"தொப்புள்கொடி கழுத்தைச் சுத்தியிருக்கு. துடிப்பு நூத்துக்குக் கீழ போனா ஆபத்து. உடனே அறுவை செய்யணும். அம்மா சம்மத ரேகை வெச்சாச்சு. அப்பாவும் வெச்சாத்தான் கருவி அசையும்."

"அஞ்சு நிமிஷம், டாக்டர்."

"உங்களுது மிகை எண்தானே?" மாதங்கி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "இத்தனை வருஷத்துல ஜன்னல் வெச்ச வீடு ஒண்ணு கிடைச்சுதா?"

"அதான் பிள்ளைக்காவது கிடைக்கட்டுமேன்னு பார்க்கறேன்."

துடிப்பு 104. டாக்டர் பதிவகத் தலைவரை அழைத்து இரைந்து பேசினார். தலைவர் கடைசியில் ஒரு வழிக்கு ஒப்புக்கொண்டார். இந்தக் குழந்தைக்கு வரிசை எண் வேண்டாம். இயந்திரமே குலுக்கி எடுத்த ஓர் எண்ணை மூடி வைக்கும். பெற்றோருக்கோ பிள்ளைக்கோ அது ஒருபோதும் தெரியாது. வாசலில் எரிந்த எண் அணைந்தது.

"பகா எண்ணான்னு யாருமே கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியாது."

இளவழுதியின் முகம் தெளிந்தது. மாதங்கி கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கட்டைவிரலைக் கண்ணாடித் தட்டுக்கு அருகே கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான்.

"இனிமே எண்ணை வெச்சு ஒண்ணும் பார்க்க முடியாது. வேற எதையாவது வெச்சுத்தானே பார்க்கணும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்க தாத்தா ஊர் திருநெல்வேலி. அங்க இன்னைக்கு என்ன கிழமை, டாக்டர்? இப்ப ராகுகாலம் ஓடலையே?"

இதயமானியில் 83. அந்த எண்ணை மட்டும் அவன் பார்க்கவில்லை.