வெளிறிய முகங்கள்

“என் வயித்துல அடிச்சுட்டா மேடம்!” என்று கதறிக்கொண்டே ரவுனோ தன் அலுவலகக் கதவைத் திறந்தார். பின்லாந்தின் தம்பெரே நகரில் கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனம் அவருடையது. புது விளையாட்டை வாங்க மூன்று மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். காலையில் போட்டுப் பார்த்தால், அதில் வரும் அத்தனை முகங்களும் பேயறைந்தாற்போல் வெளிறிக் கிடந்தன.

“யார் மேல சந்தேகம்?” துப்பறியும் ஹில்லெவி நிதானமாகக் கேட்டார்.

“தூலியாதான்! ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்குப் போடுற ஷேடர் நிரலை எழுதறவ அவ ஒருத்திதான். போன வாரம் என்கூட சண்டை வேற. போலீஸ்ல சொல்லப்போறேன், இனி எவனும் அவளுக்கு வேலை தரமாட்டான். நேத்து சாயங்காலம்கூட புரொஜெக்டர்ல மீட்டிங் ரூம் சுவத்துல போட்டுப் பார்த்தேன், பளிச்சுன்னு இருந்துச்சு!”

தூலியா மூலையில் கண் சிவந்து நின்றாள். ஹில்லெவியின் உதவியாளன் ஏரோவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “மேடம், யாரோ வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியிருக்காங்க!”

“அவசரக்குடுக்கை, நல்லாப் பாரு. அப்படின்னா கறுப்பும் சாம்பலாயிருக்கும். இங்க கறுப்பு கறுப்பாவே இருக்கு, பனியும் வெள்ளையாவே இருக்கு. நடு நிறம் மட்டும்தான் வெளுத்திருக்கு. திரைக்கு ஏத்தபடி நிறத்தைத் தூக்கிக் கொடுக்கிற திருத்தம் ரெண்டு தடவை விழுந்திருக்கு. ஏம்மா, உன் ஷேடர்ல அது உண்டா?”

“ஆரம்பத்திலேருந்தே உண்டு,” என்றாள் தூலியா. “ரெண்டாவது தடவை நான் எதுக்குப் போடணும்? அதையே செய்ய செட்டிங்ஸ் பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு. யார் வேணா தட்டலாம்.”

ஹில்லெவி விறுவிறுவென்று மீட்டிங் ரூமுக்குப் போனார். மேற்குப் பார்த்த பெரிய சன்னல். திரைச்சீலை கிடையாது.

“ஜூன் மாச சாயங்கால வெயில் நேரா இந்தச் சுவத்துல விழும். சரியான படத்தை இங்க போட்டா முகமே தெரியாது. பளிச்சுன்னு தெரிஞ்சுதுன்னா, அப்பவே மாத்தியாச்சு. மாத்தினது யார், ரவுனோ?”

ரவுனோவுக்கு வேர்த்துக் கொட்டியது. “இருட்டா தெரிஞ்சுதேன்னு... நான்தான் தட்டினேன். நல்லதுதானேன்னு நினைச்சேன்.”

தூலியா ஒரே தட்டில் அதை அணைத்தாள். திரையில் முகங்களுக்கு ரத்தக்களை திரும்பியது.

“அப்பாடா! தூலியா, மனசுல வெச்சுக்காதே. வர்றவங்களுக்கு நீதான் விளக்கணும், எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அவள் பையைத் தோளில் மாட்டினாள். “காலையில அத்தனை பேர் முன்னாடி துரோகின்னீங்க. அதே அத்தனை பேரையும் கூப்பிட்டு, ‘எனக்கு ஒண்ணும் தெரியாது, தப்பு என்னுது’ன்னு சொல்லுங்க. அப்புறம் விளக்கறேன்.”

ரவுனோ ஹில்லெவியைப் பார்த்தார். ஹில்லெவி கதவைக் கைகாட்டினார். ரவுனோ தலையைக் குனிந்துகொண்டு போய், ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டினார்.