முதுகு காட்டி அமர்ந்தவள்

ஸ்கார்வைத் தீவின் நூலகத்துக்கு அந்தப் பழைய புகைப்படக் கண்ணாடித் தகடுகள் மீன்பெட்டிகளில் வந்து இறங்கின. நூறு வருடங்களுக்கு முன் தீவு முழுக்கப் படமெடுத்துத் திரிந்த ஒருவருடைய தகடுகள். அவருடைய பேத்தி போர்கில்ட் கையுறையைக் கழற்றாமலே ஒன்றைத் தனியே எடுத்து வைத்தாள்.

"இதை மட்டும் வெளிய விடாதீங்க. இவ முகத்தை எடுக்க மாட்டேன்னு தாத்தா சொல்லிட்டாராம்."

நாற்காலியில் ஒரு பெண். கடலுக்குப் புருஷனைப் பறிகொடுத்தவளாம். பின்னலும் முதுகும்தான் தெரிந்தன.

இங்குன் தலையாட்டி வைத்தாள். படங்களை இணையத்தில் ஏற்றுவது நூலகத்தில் அவள் வேலை. பதிப்புரிமைக் காலம் முடிந்த படத்தை மறைப்பானேன்? யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சிடலாம், கொடுத்த அனுமதி திரும்பப் பெறப்படாது என்ற குறிப்போடு அதையும் ஏற்றிவிட்டாள்.

சூரியனே எழாத, நண்பகலிலும் விளக்கெரியும் மாதம் அது. பிரேசிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "அழகான காது. அந்தக் கம்மல் எந்தக் காலத்தது?"

காதா?

தகட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். முதுகுதான். பிரேசில்காரரின் பிரதியைத் திறந்தாள். தலை லேசாகத் திரும்பியிருந்தது.

ஜப்பானில் யாரோ வண்ணம் பூசிய பிரதியில் கன்னம். போலந்துப் பள்ளி ஒன்றின் சுவரொட்டியில் மூக்கு நுனி. ஆட்கள் பிரதியெடுக்க எடுக்க அவள் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"எவனோ கம்ப்யூட்டர்ல வெளையாடறான்," என்றான் பக்கத்து மேசை தூர்லைஃப். "நீ வேற, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க."

"இணையத்துலேர்ந்து எடுத்துடலாம், தூர்லைஃப்."

"நம்மளோடதை எடுக்கலாம். உலகமே எடுத்துட்டுப் போனதை எப்படிக் கேப்ப? திரும்பக் கேக்க மாட்டோம்னு நீதானே எழுதிக் குடுத்த?"

எடுத்தாள். பயனில்லை.

மறுவாரம் தூர்லைஃப் புதிய பிரதி ஒன்றைத் திறந்தான். இங்குனுக்கு அவன் திரை தெரியவில்லை. அவன் முகம் தெரிந்தது. சிரிப்பு உதட்டிலேயே உறைந்து நின்றது. அறைக்குள் கடற்பாசி அழுகும் வாடை.

"முழுசாத் திரும்பிட்டா," என்று கிசுகிசுத்தான். "இந்தப் பக்கம் வராத. பாக்காத."

"என்ன தெரியுது?"

அவன் நாற்காலியை மெல்லச் சுழற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

தோளைப் பிடித்து உலுக்கினாள். மூச்சு இருந்தது. கழுத்து மட்டும் திரும்பவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தியபோதும் அவன் சுவர்ப்பக்கமே புரண்டான்.

இங்குன் தகட்டை முற்றத்துக் கல்லில் போட்டு, பூட்ஸ் காலால் மிதித்தாள். பொடிப்பொடியானது. அழுதுகொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

நிழற்குடையின் ஒரு பக்கத்தில் நகராட்சி புதிய படப்பலகை வைத்திருந்தது. 'நம் தீவின் பழைய முகங்கள்.' எழுத்தைப் பார்த்ததுமே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நாற்காலிப் பெண்ணின் படமும் காசில்லாமல் கிடைத்ததுதானே. யார் வேண்டாம் என்பார்கள்?

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது.

யாரும் ஏறவில்லை.

"என்னப்பா, யாரும் ஏறலையா?" என்றார் ஓட்டுநர்.

இங்குன் தரையை மட்டும் பார்த்தாள். பனியில் வரிசையாகக் கால்கள். எல்லாப் பூட்ஸ்களின் நுனியும் பலகைக்கு எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தன.

ஓட்டுநர் முணுமுணுத்தபடி இறங்கி வந்தார். அவர் கால்கள் பலகைக்கு முன்னால் நின்றன.

முணுமுணுப்பு பாதியில் அறுந்தது.

பிறகு அந்தக் கால்களும், பனி நெரிபட, மெல்லத் திரும்பின.