ஏழாவது சிப்பாயின் காவல்

மே மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்குப் புருஷோத்தமன் சார் வீட்டு வாசலில் சோபியா செருப்பைக் கழற்றினாள். பேய்கூட வெளியே வர யோசிக்கிற வெயில்.

உத்திரமேரூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளடங்கிய அந்தப் பழைய மாடி வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தனியாக இருந்தார். நினைவுத்தூண் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான், செயலாளரும் அவர்தான், பெரும்பாலும் கூட்டத்துக்கு வருகிறவரும் அவர்தான். மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போய், அங்கே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, பர்மாவரை நடந்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஏழு பேர். கல்லில் ஆறு பெயர்தான் வெட்டப்போகிறார்கள். முதல் பெயர் சாரின் தாத்தா பஞ்சாட்சரம். விட்டுப்போன பெயர் எல்லப்பன். சோபியாவின் கொள்ளுத்தாத்தா.

காவலுக்கு நிறுத்திய இடத்திலிருந்து ஓடிவிட்டாராம். எண்பது வருடமாகக் காலனியில் அவர்கள் வீட்டுக்கு 'ஓடிப்போனவன் வூடு' என்றுதான் அடையாளம். கூரியர்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருகிறார். கல் வெட்டுகிறவர் நான்கு மணிக்கு வருவதாக இருந்தது.

"உக்காரும்மா. கரண்ட் இல்ல" என்றார் சார்.

கூடம் இருட்டாக இருந்தது. ஏரி வெடித்துக் கிடக்கிற மாதத்தில், எங்கிருந்தோ ஈரச் சேற்று வாடை வந்தது. அழுகிய இலை வாடை. மாடியில் யாரோ நடந்தார்கள்.

"மேல யாரு சார்?"

"குரங்கு."

சோபியா எண்ணினாள். இருபது தப்படி. ஒரு திரும்பல். மறுபடி இருபது. திரும்பும்போது பூட்ஸ் குதிகாலைச் சேர்த்துத் தட்டுகிற குரங்கை அவள் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"அவர் ஓடினாருன்னு யார் சொன்னது சார்?"

"எங்க தாத்தா."

"அவரே நேர்ல பாத்தாராமா?"

சார் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவளும் அப்படியே பார்த்தாள். பிறகு அவர் எழுந்துபோய்ச் சாமி அலமாரியிலிருந்து ஒரு துருப்பிடித்த சிகரெட் டப்பாவைக் கொண்டுவந்தார்.

"பின்வாங்கி வர்றப்ப ஆத்தங்கரையில ஒருத்தர் காவலுக்கு நிக்கணும். மத்தவங்க தூங்கணும். யாரு நிக்கிறது? நம்ம ஊர் வழக்கப்படி சீட்டு குலுக்கினாங்க. ஆயிரம் வருஷமா குடவோலையைக் கல்லுல எழுதி வெச்ச ஊரும்மா இது. எழுதினது எங்க தாத்தா. எடுத்தது ஒருத்தர், படிச்சது இன்னொருத்தர். இதுக்கு மேல இன்னா நேர்மை வேணும்?"

"மீதி ஆறு சீட்டு?"

"யாரும் பிரிக்கல. எடுத்ததையும் சேத்து ஏழும் இந்த டப்பாவுலதான் கீது. தாத்தாவும் பிரிக்கக் கூடாதுன்னுட்டுதான் செத்தாரு." டப்பாவை மேஜையில் வைத்தார். "ரெண்டு வாட்டி கெணத்துல போட்டோம். திரும்ப அலமாரியிலதான் கீது."

"பிரிங்க சார். நேர்மையைப் பாத்துட்டுப் போயிடறேன்."

தலைமையாசிரியருக்கு ரோஷம் வந்தது. முதல் சீட்டைப் பிரித்தார். மங்கிய பென்சில் எழுத்து.

எல்லப்பன்.

இரண்டாவது. எல்லப்பன்.

மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; அதுவும் அதே பெயர். ஆறாவதைச் சோபியாதான் பிரிக்க வேண்டியிருந்தது. ஏழாவதைப் பிரித்துவிட்டு யாரும் படிக்கவில்லை.

"எவ்ளோ நேரம் நிக்கச் சொன்னாங்க சார்?"

"மாத்த ஆள் வர்ற வரைக்கும். அதான் ஆர்டர்."

"யார் மாத்தப் போவணும்?"

அவர் காலி டப்பாவை மூடினார். "தாத்தா."

"போனாரா?"

மாடியில் நடை நின்றது.

அவர்கள் தலைக்கு நேர் மேலே.

சார் எழுந்தார். "குரங்கை வெரட்டிட்டு வந்துடறேன்" என்றார், வகுப்புக்குப் போகிறவர்போல. படியேறினார். கதவு திறந்தது.

மேலே ஒரு குரல், கிசுகிசுப்பாக, ரொம்பக் களைத்துப்போய்க் கேட்டது.

"மாத்த வந்தியா, நைனா?"

சார் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. குதிகால் ஒருமுறை தட்டியது. மறுபடி நடை ஆரம்பித்தது. இருபது தப்படி. ஒரு திரும்பல்.

இம்முறை வெறுங்கால்.

சோபியா மேலே போனாள். கொதிக்கிற தளத்தில் சார் நடந்துகொண்டிருந்தார். தோளில் எதையோ சாய்த்துப் பிடித்திருந்தார். அங்கே எதுவும் இல்லை.

"சார், கீழ வாங்க."

"ஆள் வரட்டும்."

"கல்லுல பேரு..."

"எல்லப்பன் பேரை மொதல்ல வெட்டச் சொல்லு." அவர் கண் தெற்கே இல்லாத ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆளைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லு."

அவள் கீழே வந்தபோது, மேஜையில் பிரித்துப் போட்ட ஏழு சீட்டும் மறுபடி மடிந்து கிடந்தன. உள்ளே இப்போது எந்தப் பெயர் என்று அவள் பார்க்கவில்லை.

படியில் ஈரத் தடங்கள். பூட்ஸ். இடது அடி கிழிந்து ஐந்து விரலும் பதிந்திருந்தன. எல்லாம் இறங்கிப்போகிற தடங்கள். வாசலைத் தாண்டித் தெருவில் போயின. அந்த வெயிலிலும் காயவில்லை. பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, காலனித் திருப்பம். வழி தெரிந்தவன் நடை.

தடங்கள் அவள் வீட்டுக்குள் போயிருந்தன. வெளியே வந்த தடம் இல்லை.

வாசலில் அம்மா அம்முலு சொம்பும் கையுமாக நின்றிருந்தாள்.

"எங்கடி போன? ஒரு ஆள் வந்துகீறாரு. எல்லப்பன் வூடு இதானேன்னு கேட்டாரு. யாருமே அப்பிடிக் கேட்டதில்லையா, எனக்கு ஒரு மாரி ஆயிடுச்சி. சோறு துண்றீங்களான்னா, மொதல்ல காலைக் கழுவணும்ன்றாரு."

"எங்கம்மா கீறாரு?"

"இன்னாடி கண்ணு தெரியலியா? இதோ உக்காந்துகினு கீறாரு."

அம்மா உள்ளே திரும்பிக் குனிந்து, கதவோரம் கிடந்த காலி நாற்காலியின் முன்னால் தண்ணீரை ஊற்றினாள்.

தெளிந்த தண்ணீர்தான் சொம்பிலிருந்து விழுந்தது. தரைக்கு வந்தபோது அது கரிய சேறாக இருந்தது. மெல்ல ஓடிவந்து சோபியாவின் கால்விரல்களைத் தொட்டது.

ஆற்றுத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது.